சமையல் புத்தகத்தில் சைக்கிள் செயின்

ஒரு புத்தகத்தில் ஆபத்தான பக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏழு வருடம் எனக்கு இந்த வேலைக்குத்தான் சம்பளம் தந்தார்கள். இன்றுவரை பதில் தெரியாது. தெரியாமலே செய்தேன், கவனமாகச் செய்தேன், செய்துவிட்டு வீட்டுக்குப் போய் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது மகளுக்கு ஒன்றரை வயது. அவள் நித்திரை கொள்ளும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கட்டுரை எங்காவது சட்டென்று தாவினால் அவள் எழும்பிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் எதையும் வெட்டவில்லை.

நான் ஓய்வுபெற்றவள் என்றால் சிரிப்பீர்கள். வயது முப்பத்திரண்டு. ஆனால் பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்ட அன்று எங்கள் அச்சகத்தில் எனக்கு முறைப்படி பிரியாவிடை விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். "தன் வாழ்நாளையே அச்சுத்துறைக்கு அர்ப்பணித்தவர்" என்று முதலாளி பேசினார். அந்த வசனம் வேறொருவரின் மணிவிழா மலரில் இருந்தது. புரூவ் பார்த்ததே நான்தான். வாழ்த்துமடலில் "ஓய்வுக்காலம் இறைபக்தியில் இனிதே கழிய" என்று போட்டிருந்தார்கள். வயிறு இத்தனை முன்னுக்கு நிற்க, பொன்னாடையோடு படம் எடுத்து முகநூலிலும் ஏற்றினார்கள். கணவர் வேலைசெய்யும் கந்தோரில் ஒருவர், "உங்கட மிஸிஸுக்கு அறுபது முடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டிருக்கிறார்.

அண்மையில், என் இடத்துக்கு வந்திருக்கும் தனுஜா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, மூண்டாம் வாசிப்பு எண்டால் என்ன? அது இல்லாமல் ஒண்டும் அச்சுக்குப் போகக்கூடாது எண்டு சேர் முந்திச் சொன்னவர். இப்ப காலம் மாறிட்டுது, இனித் தேவையில்லை எண்டுறார். பின்னேரம் வந்து, எதுக்கும் ஒருக்காச் செய்யும் எண்டுறார். நான் என்னெண்டு செய்யிறது?"

சொல்லத் தொடங்கினேன். முதலில் கதிரையிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது, பிறகு சோடாவைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. "அக்கா, விளங்கேல்லை. எழுதித் தாங்கோ" என்றாள். அதனால் எழுதுகிறேன். அவள் ஒருத்தி வாசித்தால் போதாது என்று பட்டதால் இந்த இதழுக்கு அனுப்புகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தமிழ் சிறப்புப் பட்டம். ஆசிரியர் நியமனம் வரும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் இருந்த அச்சகத்தில் சேர்ந்தேன். ஒரு பக்கம் வாகன ரயர் கடை, மறுபக்கம் கோழிக்கடை. எழுத்துப்பிழை பார்க்கவும் பக்கம் அமைக்கவும் அங்கேதான் பழகினேன். பயப்படப் பழகவேண்டியிருக்கவில்லை, அதை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

முதலாளியை நாங்கள் சேர் என்போம். முன்பு கணிதம் படிப்பித்தவர், நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். இரகசியம் பேசவேண்டுமென்றால் குரலைத் தாழ்த்துவார். தாழ்த்தினால் மின்விசிறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது. ஆகவே முதலில் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வருவார். கிளிநொச்சி வெயிலில் ஒரு கடையில் மின்விசிறி நின்றால் தெரு முழுக்கத் தெரியும். ரயர் கடைக்காரர்கள் சுத்தியலை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார்கள். "கொஞ்சம் பொறுங்கோ, சேர் இரகசியம் கதைக்கிறார்" என்று கோழிக்கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இரகசியம் பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றியது. அவர் மாதத்தில் ஒருமுறை, சில வேளை இரண்டுமுறை வருவார். சாதாரண உடுப்பு, மோட்டார் சைக்கிள், படிய வாரிய தலை, மெதுவான தமிழ். "என்ன புதுப் புத்தகம் அடிக்கிற?" என்று கேட்பார். வாசல் கதிரையில் இருந்து ஒரு பிரதியைப் புரட்டுவார். ஒரு சோடா குடிப்பார். பிரதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எந்த அலுவலகம் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சேர் அவருக்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருந்தார்.

இதை அழுத்திச் சொல்லவேண்டும்: விருந்தாளி ஒருநாளும் எதையும் வெட்டச் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். சொல்லியிருந்தால் எழுதிவைத்து அதன்படி நடந்திருப்போம். சொல்லாதபடியால் அவருடைய முகத்தைப் பார்த்து நாங்களே சட்டம் இயற்றவேண்டியிருந்தது.

ஒருமுறை பாலர் பாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு பறவைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் மின்விசிறி நின்றது.

"இனிப் பறவை வேண்டாம், பிள்ளை."

"காகமும் வேண்டாமோ சேர்?"

சேர் யோசித்தார். "காகம் பரவாயில்லை. அது எல்லாருக்கும் பொது."

முடிந்த யுத்தத்தையும் இயக்கத்தையும் ஞாபகப்படுத்தக்கூடியதெல்லாம் அப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வரைபடம் வேண்டாம். கார்த்திகை மாதத்தில் புத்தக வெளியீடு வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் அருகருகே வரவேண்டாம். இதனால் கோயில் திருவிழா நோட்டீஸ்களை இளநீலத்தில் அடித்துக்கொடுத்தோம். ஒரு வருடம் அம்மன் கோயில் கொடியேற்ற நோட்டீஸ் நீச்சல் போட்டிக்கு அழைப்பதுபோல வந்துவிட்டது. ஒரு பூவும் இருந்தது. அதன் பெயரைச் சேர் மின்விசிறி நின்ற பிறகும் சொல்லமாட்டார். விரல்களை மேல்நோக்கி விரித்துக் காட்டுவார்.

அச்சு இயந்திரத்தில் நின்றவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த றொபேட் அண்ணை. ஒவ்வொரு புத்தகம் தொடங்கும்போதும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் விசையைத் தட்டுவார். "கடலெண்டால் வானத்தைப் பார்த்து ஏதும் சொல்லலாம். உந்த மனுசன்ர முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்லுறது? எனக்கெண்டால் அவருக்குப் பல்லுக்குத்து மாதிரிக் கிடக்கு" என்பார். சேர் அதையும் யோசித்துப் பார்த்தார்.

இனி மூன்றாம் வாசிப்பு. முதல் வாசிப்பு எழுத்துப்பிழைக்கு, இரண்டாவது பக்க ஒழுங்குக்கு. மூன்றாவது, விருந்தாளி வாசிப்பதுபோல வாசித்துப் பார்ப்பது. அதை என் மேசையில் இருந்து செய்யக்கூடாது. வாசலோரத்துக் கதிரையில், விருந்தாளி இருக்கும் அதே கதிரையில், கால்மேல் கால் போட்டு இருக்கவேண்டும். சேருக்கு முன்னால் கால்மேல் கால் போட எனக்கு வரவில்லை என்பதால் அவர் வெளியே போய் நின்றுகொள்வார். கையில் ஒரு சோடாப் போத்தல். புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து முன்னோக்கிப் புரட்டவேண்டும், ஏனென்றால் விருந்தாளி முதலில் படம், பிறகு நன்றியுரை, அதன்பிறகுதான் மற்றது பார்ப்பார் என்பது சேரின் கணிப்பு. தமிழ் அரைவாசிதான் விளங்குகிறது என்ற எண்ணத்தோடு வாசிக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், புத்தகத்தில் விருப்பம் வந்துவிடக்கூடாது.

"பிள்ளை, நீர் சிரிக்கிறீர்" என்பார் சேர் யன்னலுக்கு வெளியிலிருந்து. "அவர் சிரிக்கமாட்டார். திரும்பக் கடைசியிலயிருந்து வாரும்."

எந்தப் பக்கத்தில் கண் நிற்கிறதோ அந்தப் பக்கத்தின் மூலையை மடிக்கவேண்டும். எனக்கு எல்லாப் பக்கத்திலும் கண் நின்றது. நெற்பயிர் நோய்கள் பற்றிய ஒரு சிறு நூலில் பூச்சிகள் கூட்டமாக வந்து வயலில் தங்கிவிடுவதாக எழுதியிருந்ததற்குக்கூட மூலை மடித்தேன். அன்று நான் வீட்டுக்குப் போன பிறகும், அதை மடித்தது பிழையோ, அடுத்த பக்கத்தை மடிக்காமல் விட்டது பிழையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேர் அந்தப் பூச்சிகளை இருந்தபடியே விட்டார். "பூச்சி பூச்சிதான், பிள்ளை" என்றார், மின்விசிறியை நிறுத்தாமலே.

எடுத்த பக்கத்தின் இடத்தை என்ன செய்வது? அச்சில் ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். ஒன்றை எடுத்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். வெள்ளையாக நின்றால் விருந்தாளி ஏன் என்று கேட்பார். அதற்காகச் சேர் சில பக்கங்களை எழுதித் தயாராக வைத்திருந்தார். பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சும் முறை, நண்டுக் குழம்பு, மஞ்சள் கறை போக்குவது, தேள் கடிக்கு முதலுதவி, சைக்கிள் செயின் பராமரிப்பு. எங்கே பக்கம் போனதோ அங்கே இவற்றில் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். ஒரு பாடசாலையின் ஆண்டு மலரில் பழைய மாணவர் சங்க வரலாற்றுக்கு நடுவில் நண்டுக் குழம்பு வந்தது. ஒரு குளத்தின் வரலாற்றில், குளக்கட்டு உடைந்து ஊர் இடம்பெயர்ந்த அதிகாரத்துக்குப் பதிலாக ஒடியல் கூழ் வந்தது.

வாசகர்கள் கவனிக்கமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாங்குளத்திலிருந்து பஸ் ஏறி ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வந்தார். குளத்தின் வரலாற்றை மேசையில் விரித்து, கூழில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இதுக்கடியில என்ன கிடக்குது?"

"ஒண்டுமில்லை ஐயா. கூழ்தான்."

"கூழ் நல்ல தடிப்பாக் கிடக்கு. ஏதோ இருக்கு."

"இல்லை ஐயா, பக்கம் மிஞ்சிப்போச்சு."

"சொல்லாட்டிப் பரவாயில்லை. நாங்கள் கணக்குப் பிடிச்சு வைச்சிருக்கிறம். கறை போக்கிறதெண்டால் சின்ன விசயம். நண்டெண்டால் நடுத்தரம். கூழெண்டால் பெரிய விசயம். சரியோ?"

மாங்குளத்தில் அவரும் நண்பர்களும் எங்கள் புத்தகம் எது வந்தாலும் முதலில் சமையல் குறிப்பைத் தேடுவார்களாம். கண்டுபிடித்ததும், அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பின்னேரம் முழுக்க இருந்து கதைப்பார்களாம். எழுத்தாளர் எழுதியதைவிட அவர்கள் ஊகித்தது பயங்கரமாக இருந்தது. சேர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். "போடும் தம்பி, வெக்கை" என்றார் தபாலதிபர்.

தனுஜா, நீ கேட்டதற்கு இவ்வளவும் முன்னுரைதான். இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வந்த கஷ்டமான புத்தகம்.

தர்மபுரத்தில் புஷ்பராணி அக்கா என்று ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் தன் சமையல் முழுவதையும் எழுதிக்கொண்டு வந்தார். கோதுமை ரொட்டி, கட்டச்சம்பல், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலைச் சொதி. நல்ல எழுத்து; வளவளப்பு இல்லை. வாசல் கதிரையில் சோடாவோடு இருந்து பின்னாலிருந்து புரட்டினேன். விருப்பம் வராமல் வாசிக்க முடியவில்லை. பசித்தது.

அறுபத்தோராம் பக்கத்தில் கண் நின்றது. காலைச் சாப்பாடுகளின் நடுவில், பாற்கஞ்சிக்கும் உழுத்தங்களிக்கும் இடையில். தலைப்பு "கஞ்சி" என்று மட்டும் இருந்தது. கீழே இப்படி:

"அரிசி, கிடைக்கிற அளவு. தண்ணீர், ஆட்களைப் பார்த்து. உப்பு இருந்தால் உப்பு. தேங்காய் தேட வேண்டாம். பெரிய பாத்திரமாக இருக்க வேண்டும். வரிசை நீண்டால் இன்னும் தண்ணீர் ஊற்றவும். பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கவும். சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டுக் குப்புறப் படுக்கவும். கஞ்சி அடிப்பிடிக்காது. பிடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை."

அவ்வளவுதான். ஆண்டு இல்லை, இடம் இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் வரிசையில் நின்று குடித்த அந்தக் கஞ்சியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. வைகாசி மாதத்தில் அந்த நினைவுக்கு அதைக் காய்ச்சித் தெருவில் கொடுக்கப் போனவர்களைப் பொலிஸார் மறித்ததும் எல்லாருக்கும் தெரியும். (இதை இங்கே முழுதாக எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் படுகிறது. இந்த இதழின் ஆசிரியர் விரும்பினால் எடுத்துவிடலாம். எடுத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கவும்.)

மூலையை மடித்தேன். விரித்தேன். திரும்பவும் மடித்துச் சேரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டுதரம் வாசித்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அதையும் நிறுத்தலாமோ என்பதுபோல.

புஷ்பராணி அக்காவைக் கூப்பிட்டோம்.

"அக்கா, இந்த ஒரு பக்கம்..." என்று தொடங்கினேன்.

"ஏன் தங்கச்சி, உப்பு கூடிப்போச்சா?"

"அப்பிடியில்லை. உமக்கு விளங்கும்தானே" என்றார் சேர், மெதுவாக.

"வெளங்குதுங்க சார். மத்ததெல்லாம் நான் சமைச்சுப் பாத்து எழுதினது. இது ஒண்ணுதான் நான் குடிச்சு உசிரோட வந்தது."

சேர் மேசையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை. "அடுத்த பதிப்பில கட்டாயம் போடுவம்" என்றார்.

அக்கா அந்த மடித்த மூலையை விரலால் தடவினார். "சரி, எடுங்க. ஆனா அந்த எடத்துல வேற சாப்பாடு போடக் கூடாது. சாப்பாட்டுப் புத்தகத்துல சாப்பாட்டப் போட்டு மூடினா எவனுக்குத் தெரியப்போகுது? உங்க புத்தகமெல்லாம் நானும் பாத்திருக்கேன் சார். கொளத்துப் புத்தகத்துல கூழு."

சேர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சேரிடம் சாப்பாடு இல்லாதவை மூன்றுதான் இருந்தன. மஞ்சள் கறை சமைக்கிற குசினியோடு சேர்ந்தது என்று அக்கா ஒதுக்கிவிட்டார். தேள் கடி வேண்டாம் என்று நான் கெஞ்சினேன், சமைக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். "அப்ப சைக்கிளப் போடுங்க. வயித்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார் அக்கா. றொபேட் அண்ணை அன்று சிலுவை அடையாளத்தை இரண்டுமுறை போட்டார்.

புத்தகம் வந்தது. பாற்கஞ்சியை இறக்கி இளஞ்சூட்டில் பரிமாறவும் என்று முடிய, எதிர்ப்பக்கத்தில் செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கவும் என்று தொடங்கியது. பரந்தனில் ஒரு பெண் அதைப் பாற்கஞ்சியின் தொடர்ச்சி என்று நினைத்து மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டு, மாமியாரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வோம் என்று நின்றதாகக் கேள்வி. மாங்குளத்துத் தபாலதிபர் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். "நண்டும் இல்லை, கூழும் இல்லை, சைக்கிள்! பிள்ளை, இது ஆகப் பெரிய விசயம்" என்று ஒன்றுக்கு ஆறு பிரதி வாங்கிப்போனார். சமைக்கவே தெரியாத ஆண்கள் எல்லாம் சமையல் புத்தகம் கேட்டு வந்தார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒருத்தனாவது ரொட்டி சுட்டுப் பாத்தானான்னு கேளு. எல்லாம் அந்தச் சைக்கிள் பக்கத்த வெயில்ல புடிச்சுப் பாக்கிறாங்க" என்றார்.

பிறகு விருந்தாளி வந்தார். கதிரையில் இருந்தார். கால்மேல் கால் போட்டார். பின்னட்டையிலிருந்து புரட்டினார். சேர் என்னைப் பெருமையோடு பார்த்தார், கணக்குச் சரிவந்த வாத்தியார்போல. அறுபத்தொன்றில் கண் நின்றது.

"இது... சைக்கிள்?"

"ஓம் சேர், சைக்கிள்" என்றேன்.

"சமையல் புத்தகம்?"

"சாப்பிட்ட பிறகு சைக்கிள் ஓடினால் நல்லாச் சமிக்கும் சேர்" என்றார் எங்கள் சேர். அப்படிப்பட்ட மூளை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ம்" என்றார் விருந்தாளி. கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார். சோடாவைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சட்டத்தில் ஒன்று கூடியது: இனிச் சைக்கிள் வேண்டாம்.

சில நாளில் புஷ்பராணி அக்காவுக்கு ஒரு விசாரணை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வாக்குமூலம் தரவேண்டுமாம்.

எனக்கு அப்போது ஆறாம் மாதம். "உமக்கு என்ன அலுப்பு? நீர் கமா போட்ட ஆள்தானே" என்றார் கணவர். ஆனால் மூலையை மடித்தது நான். அதை மடித்தது சரியோ பிழையோ என்பதைவிட, அக்கா தனியே போவது சரியில்லை என்பது தெளிவாக இருந்தது. கூடப்போனேன். கர்ப்பிணியை நிற்க வைக்கக்கூடாது என்று எனக்குக் கதிரை தந்தார்கள். கதிரை உள்ளேதான் இருந்தது. அப்படித்தான் நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் இளைஞர், கணினியில் சிங்களத்தில் தட்டுவதற்கு. அதிகாரி புத்தகத்தை அறுபத்தோராம் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்.

"இதில முதல் என்ன இருந்த?"

"கஞ்சிங்க."

"எப்படிக் கஞ்சி? முழுக்கச் சொல்லுங்க. எழுதவேணும்."

அக்கா சொன்னார். இளைஞர் தட்டினார்.

"அரிசி எவ்வளவு?"

"கெடைக்கிற அளவு."

"அளவு ஒண்டு சொல்லுங்க."

"ஒரு கை."

"தண்ணி?"

"ஆளப் பாத்துதாங்க ஊத்தணும்."

"எத்தனை பேருக்கு?"

"வரிசையில நிக்கிற எல்லாருக்கும்."

"நம்பர் வேணும்."

அதுவரை ரொட்டிக்கு மா குழைக்கிற வேகத்தில் பதில் சொன்ன அக்கா நிறுத்தினார். "நான் எண்ணலீங்க சார். எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆள் கொறைஞ்சிடும்" என்றார்.

தட்டுகிற சத்தம் நின்றது. அந்த இளைஞர் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். அதிகாரி புத்தகத்தை மூடினார். தெரியாது என்று போடும்படி சொன்னார்.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். "உப்பு விட்டுட்டீங்க தம்பி" என்றார் அக்கா. உப்பைச் சேர்த்து, திரும்ப அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று எழும்பப்போனேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே அச்சகத்தில? இது கஞ்சிதானே. ஏன் எடுத்த? யார் எடுக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர்."

"ஒருத்தரும் சொல்லாட்டி ஏன்?"

நான் படித்த தமிழ் இலக்கணம், இலக்கியம் எதுவும் உதவிக்கு வரவில்லை. "பக்கம் காணாமப் போச்சு சேர்" என்றேன்.

"இனி ஒண்டு போட்டா எங்களுக்கு அறிவிக்கவேணும். எடுத்தாலும் அறிவிக்கவேணும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பஸ் தரிப்பில் அக்கா சிரிக்கத் தொடங்கினார். எனக்குப் பயமாக இருந்தது. "பாத்தியா தங்கச்சி, எங் கஞ்சி எங்க அச்சாயிருக்குன்னு? சிங்களத்துல, சீல் குத்தி" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவங்க அலுமாரியில இருக்கு. எம் புத்தகத்துல இல்ல" என்றார். பஸ் வந்து ஏறி, கால்வாசி வழி போன பிறகு திரும்பப் பேசினார். "சைக்கிளுக்குக் கூப்பிட்டாங்க, வந்தேன். எனக்குச் சைக்கிளப் பத்தி என்ன தெரியும்? இன்னொருக்காக் கூப்பிட்டா கஞ்சிக்குக் கூப்பிடட்டும். அதுக்குன்னா நான் பதில் சொல்லுவேன்."

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது முதல் பதிப்புத் தீர்ந்து இரண்டாம் பதிப்புப் போகவிருக்கிறது. தனுஜா கூப்பிட்ட உண்மையான காரணம் இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. கஞ்சி இல்லாமல் இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்று புஷ்பராணி அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். சேரிடம் கேட்டால், "பிள்ளை மடிச்ச பக்கம். பிள்ளை விரிச்சால் நான் அடிக்கிறன்" என்கிறாராம். மற்ற எல்லாப் பக்கமும் தயார். றொபேட் அண்ணை, "உந்த ஒரு பக்கத்துக்காக மிசின் வெறுமனே நிக்குது, தங்கச்சியிட்டச் சொல்லும்" என்று சொல்லிவிட்டிருக்கிறார். விருந்தாளி சில மாதமாக வரவில்லையாம். மாற்றலாகிப் போனாரா, தேவையில்லை என்று விட்டுவிட்டார்களா, தெரியாது. எனக்கு அது நிம்மதி இல்லை. ஏழு வருடமாகப் படித்த முகம் அது ஒன்றுதான்.

வீட்டில் கேட்டேன். கணவர் அரச உத்தியோகத்தர். பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறார். "இஞ்சரும், போடும் எண்டும் சொல்லேலாது, போடாதையும் எண்டும் சொல்லேலாது. நீர் யோசிச்சுச் செய்யும். என்னைக் கேட்டதெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். அதையும் எழுதிவிட்டேன். இரவு அவர் வாசித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று பார்க்கவேண்டும்.

மகளுக்கு ஆறு மாதமானபோது கிளினிக்கில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். பிள்ளைக்கு முதல் உணவு: அரிசி, தண்ணீர், நன்றாக அவித்து மசிக்கவும். அரசாங்கம் அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு வயதுவரை உப்புச் சேர்க்கவேண்டாம் என்று இருந்தது. அக்காவின் கஞ்சிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உப்பும், வரிசையும், சத்தமும்தான். அந்த மூன்றில் எது குற்றம் என்று பிள்ளைக்கு ஊட்டும்போதெல்லாம் யோசித்தேன். அவள் ஒவ்வொரு வாயையும் என் சட்டையில் துப்பினாள்.

திரும்பவும் அந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் இந்தமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அங்கே போய் அவள் எதையாவது இழுத்துக் கிழித்தால்? அதற்குப் பயந்து இல்லையென்று சொன்னால், அக்கா ஒன்றும் சொல்லமாட்டார், அதுவும் தெரியும். வியாழக்கிழமை சந்தைக்கு வரும்போது வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்து மகளின் கையில் ஒரு சின்ன ரொட்டியைக் கொடுத்துவிட்டு, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பார்.

ஆகவே வாசகர்களே, உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என் கதிரையில் இருந்தால் அறுபத்தோராம் பக்கத்தை அக்கா எழுதியபடியே போடச் சொல்வீர்களா? பிள்ளை உள்ளவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. போடு, அல்லது போடாதே என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். யோசித்துச் செய்யுங்கள் என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதவேண்டாம். அதை நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.